நோயாளி என்ற சொல் இல்லாத பிரிவு

கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை என்று காண்டிகை என்னும் சுருக்க உரைக்கு ஐந்து உறுப்புகளைக் கணக்கிடுகிறது நன்னூல். சூத்திரத்துக்கு உரை செய்பவருக்காகச் சொன்னது அது. சட்டப் பிரிவும் ஒருவகைச் சூத்திரம்தான். சொல் சுருங்கியிருக்கும், பொருள் உள்ளே மடிந்து கிடக்கும். மடிப்பைப் பிரித்தால்தான் என்ன சொல்லியிருக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

இங்கே உரைக்கு எடுத்துக்கொண்டது எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. 2017 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இந்தச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆங்கில மூலத்தை நான் தமிழாக்கியபடி:

‘உடல்நலச் சேவையில் ஈடுபட்டுள்ள ஒவ்வொரு நிறுவனமும், தொழில்வழியே எச்.ஐ.வி.க்கு ஆட்படும் குறிப்பிடத்தக்க இடர் உள்ள மற்ற ஒவ்வொரு நிறுவனமும், பாதுகாப்பான பணிச்சூழலை உறுதிசெய்யும் பொருட்டு, (1) வழிகாட்டு நெறிகளின்படி (அ) அவ்வாறு ஆட்படக்கூடிய பணியாளர் அனைவருக்கும் பொது முன்காப்புகளையும், (ஆ) அவற்றைக் கையாளப் பயிற்சியையும், (இ) ஆட்படக்கூடிய பணியாளர் அனைவருக்கும், ஆட்பட்டதற்குப் பிந்தைய தடுப்பு மருந்தையும் வழங்க வேண்டும். (2) முன்காப்புகளும் தடுப்பு மருந்தும் கிடைக்கும் என்பதைப் பணியாளர் அனைவருக்கும் தெரிவிக்கவும் கற்பிக்கவும் வேண்டும்.’

உரைக்குக் களம் தாம்பரம். காரணம் உண்டு. சவுரி முத்து என்ற மருத்துவர் 1928இல் இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. ரயில் நிலையத்துக்கே ‘தாம்பரம் சானடோரியம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், வேறெங்கும் கதவு திறக்காதவர்கள் வந்து சேரும் இடமாகத் தாம்பரம் ஆனது. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டுமருந்து (ஏ.ஆர்.டி.) சிகிச்சை தொடங்கிய முதல் எட்டு மையங்களில் இதுவும் ஒன்று. இந்த வைரஸோடு இவ்வளவு காலம் பழகிய ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை எனலாம்.

உரை நெடுகிலும் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர் தாண்டி, இரவு ஒரு மணிக்கு ஒரு பைக் லாரியில் மோதுகிறது. 108 வண்டி ஓர் இளைஞனைக் கொண்டுவந்து இறக்குகிறது. நினைவில்லை, பெயர் தெரியாது, உடன் யாருமில்லை. மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம். விலா எலும்பு முறிந்து முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. டியூட்டி சர்ஜன் கை கழுவிக்கொண்டிருக்கிறார். இனி மூலத்துக்குப் போவோம்.

‘ஒவ்வொரு நிறுவனமும்’

நிறுவனம் என்றதும் பெரிய கட்டடம் மனதில் எழும். சட்டத்தின் இலக்கணம் அப்படியில்லை. இரண்டு பேர் சேர்ந்து, பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ, கட்டணம் வாங்கியோ வாங்காமலோ, ஒழுங்காக ஒரு சேவையை நடத்தினாலே அது நிறுவனம். ஆகவே சானடோரியத்தின் பெரிய அரசு மருத்துவமனைக்குச் சொன்னது, சேலையூர்ப் பக்கத் தெருவில் பத்துப் படுக்கை வைத்துச் சிசேரியன் செய்யும் நர்சிங் ஹோமுக்கும் சொன்னதே. தென் புறநகரில் இரவு நேரத்து அவசரம் முதலில் தட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னக் கதவைத்தான். ‘நாங்க சின்ன இடம் சார்’ என்ற சமாதானத்துக்கு இந்தச் சொல்லில் இடமில்லை.

‘குறிப்பிடத்தக்க இடர்’

இது வெறும் அடைமொழி போலத் தெரியும். சட்டம் இதற்குத் தனி வரையறையே கொடுத்திருக்கிறது. ரத்தம், திசு, மூளைத் தண்டுவட நீர், பனிக்குட நீர், நுரையீரல் உறையிலும் வயிற்றறையிலும் மூட்டிலும் ஊறும் நீர் முதலியவை இடருள்ளவை. கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் கலக்காத வியர்வை, உமிழ்நீர், கண்ணீர், வாந்தி, சிறுநீர் இடரில் சேராதவை. காயமில்லாத தோலில் ரத்தம் படுவதும் சேராது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தட்டும் தம்ளரும் தனியாக வைத்த காலத்துக்கு, சட்டம் தன் வரையறைக்குள்ளேயே எழுதிவைத்த பதில் இது.

அதே வரையறையில் இன்னொரு விலக்கும் உண்டு. அறிவியல் ஏற்ற தடுப்பு முறைகளைக் கடைப்பிடித்து, அந்தத் தடுப்பு கிழியாமல் இருக்கும்வரை அதைக் குறிப்பிடத்தக்க இடராகச் சட்டம் எண்ணுவதில்லை. இடரை உண்டாக்குவது நோயாளியின் உடல் என்று நாம் நினைத்திருக்கிறோம். சட்டமோ தடுப்பு எங்கே கிழிகிறது என்று பார்க்கச் சொல்கிறது.

அவசர அறுவையில் அது கிழிவதற்கு வாய்ப்பு அதிகம். திட்டமிட்ட குடலிறக்க அறுவையில் வெளிச்சம் இருக்கும், நேரம் இருக்கும், புண் தெளிவாகத் தெரியும். நம் இளைஞனின் வயிற்றிலோ ரத்தம் நிரம்பி அடி தெரியாது. சர்ஜன் கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டியிருக்கும். இடக்கையால் திசுவைப் பிடித்து வலக்கையால் ஊசியைச் செலுத்துவார். வலக்கைப் பழக்கமுள்ள சர்ஜனுக்கு ஊசி பெரும்பாலும் குத்துவது இடக்கை ஆள்காட்டி விரலில். உடைந்த விலா எலும்பின் முனை எந்த உறையையும் கிழிக்கும். ஒரே குழிக்குள் நான்கு கைகள் இருக்கும். இரவு ஒரு மணி ஆகிவிட்டது.

கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி, கனடாவிலிருந்து போய் உகாண்டாவின் குலு நகருக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டிருந்த மருத்துவர் லூசில் டீஸ்டேல். போரில் குண்டடிபட்டவர்களை அறுக்கும்போது எலும்புச் சில்லுகள் கையுறையைக் கிழித்தன. தன் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது அவருக்கு 1985இல் தெரியவந்தது. அதன் பிறகும் வேலையை விடவில்லை. 1996இல் இறந்தார். அவருக்குத் தொற்று வந்த காலத்தில் அந்த வைரஸுக்குப் பெயரே இல்லை, சோதனையும் இல்லை. அவரைக் காத்திருக்கக்கூடியது கிழியாத தடுப்பு ஒன்றுதான்.

இடரின் அளவையும் சொல்லிவிட வேண்டும். வைரஸ் உள்ள ரத்தம் தோய்ந்த ஊசி 1000 முறை குத்தினால் எச்.ஐ.வி. தொற்றுவது ஏறக்குறைய 3 முறை. ஹெபடைட்டிஸ் சி பழைய மதிப்பீட்டில் 18 முறை, அண்மைய மதிப்பீடுகளில் 2 முறை அளவு. ஹெபடைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு 60 முதல் 300 முறை வரை. உள்ளே துளையுள்ள ஊசி கூடுதல் ரத்தம் சுமக்கும். திண்மையான தையல் ஊசி குறைவாகச் சுமக்கும், கையுறை அதிலும் ஒரு பகுதியைத் துடைத்துவிடும். எல்லோரும் அஞ்சுவது மூன்றுக்கு. முந்நூறைப் பற்றிப் பேச்சே இல்லை.

‘எச்.ஐ.வி.க்கு’

வினா: சட்டம் ஒரு வைரஸின் பெயரை மட்டும்தானே சொல்கிறது, மற்றவற்றுக்கு யார் பொறுப்பு?

விடை: ‘பொது முன்காப்பு’ என்பதற்குச் சட்டம் தரும் வரையறையைப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. உட்பட நோய்க்கிருமிகள் பரவும் வாய்ப்பைத் தடுக்கும் அல்லது குறைக்கும் நடவடிக்கைகள் என்கிறது அது. ‘உட்பட’ என்ற அந்த ஒரு சொல்லின் வழியாக ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் உள்ளே வந்துவிடுகின்றன. கையுறைக்கு வைரஸின் பெயர் தெரியாது. ஒன்றைத் தடுக்கும் உறை மூன்றையும் தடுக்கும்.

ஹெபடைட்டிஸ் பி-க்கு உறையோடு ஊசியும் உண்டு. மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். போட்டபின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 10 அலகைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் போட்டுக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். போட்டும் எதிர்ப்பு வராதவர்கள் சிலர் உண்டு, சோதிக்காமல் அது தெரியாது. காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் உயிர்ப்போடு கிடக்கும் வைரஸ் இது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடும் பொறுப்பை மருத்துவமனையின் தலையில் வைத்திருக்கின்றன.

நம் ஊரில் மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி நினைவுக்கு வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறிடங்களில் நடந்த சோதனைகள் அந்தப் பலனை உறுதிசெய்யவில்லை. நிலைத்து நின்றது தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் ஏறக்குறைய மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலோர் முற்றிலும் குணமாகிறார்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் அந்த மாத்திரையை இலவசமாகவே தருகிறது.

‘பொது முன்காப்புகள்’

இந்தப் பிரிவின் உயிர் இந்தச் சொல்லில் இருக்கிறது. முன்காப்பு என்றால் விளங்கும். ‘பொது’ என்றது ஏன்?

1980களின் நடுவில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உண்டாக்கிய கொள்கை இது. யாருடைய ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லோருடைய ரத்தத்திலும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய். ‘பொது’ என்ற அடை காப்பைச் சுட்டுவது போலத் தோன்றினாலும், உண்மையில் நோயாளிகளைச் சுட்டுகிறது: அவர்களுக்குள் வேறுபாடு பார்க்காதே என்கிறது.

ஆபரேஷன் தியேட்டரில் இது எப்படி உருவம் பெறும்? ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கையுறை. கண்ணை மூடும் கண்ணாடி அல்லது முகக்கவசம், ஏனென்றால் சிசேரியனில் பனிக்குடம் உடையும்போது தெறிக்கும் நீர் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். நனையாத அங்கி. வயிற்றுச் சுவரின் தடித்த உறையைத் தைக்க முனை மழுங்கிய ஊசி. கத்தியையும் ஊசியையும் கைக்குக் கை கொடுக்காமல் நடுவில் ஒரு கிட்னி டிரேயில் வைத்து எடுப்பது, வைக்கும்போது ‘கத்தி’ என்று வாய்விட்டுச் சொல்வது. திசுவை விரலால் பிடிக்காமல் ஃபோர்செப்ஸால் பிடிப்பது. பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல் வெள்ளை நிறக் குத்துப்புகாப் பெட்டியில் போடுவது. இவற்றில் மிக விலையுள்ள பொருள் என்று எதுவும் இல்லை.

வினா: ‘சீராலஜி’ பார்த்துவிட்டுத் தியேட்டருக்கு எடுப்பது இன்னும் பாதுகாப்பு அல்லவா?

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகளை மருத்துவமனைகளில் இப்படித்தான் ஒரே சொல்லில் சொல்வார்கள். விடை மூன்று. முதலாவது, நம் இளைஞனுக்கு நேரமில்லை. அரை மணியில் முடிவு தரும் விரைவுச் சோதனைக்கும் மண்ணீரல் காத்திருக்காது. இரண்டாவது, தொற்றிய தொடக்க வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் கூடுதலாக இருக்கும், எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையோ ‘நெகட்டிவ்’ காட்டும். அந்தக் காகிதத்தை நம்பி ஒற்றைக் கையுறையோடு உள்ளே போகும் சர்ஜன், காகிதம் இல்லாமல் இரட்டைக் கையுறையோடு போகிறவரைவிட ஆபத்தில் இருக்கிறார். மூன்றாவது சட்டம். இதே சட்டத்தின் 5ஆம் பிரிவு ஒப்புதலின்றி எச்.ஐ.வி. சோதனை கூடாது என்கிறது. 3ஆம் பிரிவு, சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக அந்தச் சோதனையைக் கேட்பதைப் பாகுபாடு என்கிறது.

இதே பாடத்தைக் கோவிட் வேறு வழியில் சொன்னது. சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரல் 19 அன்று அந்தத் தொற்றால் இறந்தார். அந்த மாதங்களில் அவசர அறுவைக்கு வந்தவரின் ஸ்வாப் முடிவு வரும்வரை அவரைத் தொற்றுள்ளவராகவே கருதி நடத்தினார்கள். காற்றில் வரும் வைரஸுக்குக் கவசம் வேறு, கொள்கை ஒன்றே.

‘பயிற்சி’

கையுறைப் பெட்டியை வாங்கி அடுக்கிவிட்டால் (அ) நிறைவேறிவிடும். அதனால்தான் (ஆ) தனியாக நிற்கிறது. இரட்டைக் கையுறையில் முதல் சில நாள் விரல் மரத்தது போலிருக்கும். ‘நூல் தெரியவில்லை’ என்று பலர் கழற்றிவிடுவார்கள். பழகினால் தெரியும். ஆனால் அவசரத்தின்போது யாரும் புதிதாகப் பழக முடியாது. பகலில், சின்ன அறுவையிலும், தொற்றில்லை என்று உறுதியாகத் தெரிந்தவரிடமும் டிரேயில் வைத்து வாங்கிப் பழகிய கைதான் இரவு ஒரு மணிக்குத் தானாக டிரேயைத் தேடும். ‘பாசிட்டிவ் கேஸ்’ என்று தெரிந்த அன்று மட்டும் எச்சரிக்கையாக இருக்கும் தியேட்டர், பெயர் தெரியாதவன் வரும் இரவில் ஏமாந்துபோகும்.

பயிற்சி யாருக்கு? மூலம் மருத்துவர் என்று சொல்லவில்லை, ‘பணியாளர் அனைவருக்கும்’ என்றது. ஸ்கிரப் நர்ஸ், மயக்க மருந்து கொடுப்பவர், தியேட்டர் உதவியாளர், ஹவுஸ் சர்ஜன். விடியற்காலையில் துணியை மூட்டை கட்டும் துப்புரவுப் பணியாளருக்கு, அந்தத் துணிக்குள் மறந்துபோன ஊசியைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

‘பிந்தைய தடுப்பு மருந்து’

எவ்வளவு காத்தாலும் ஒருநாள் குத்திவிடும். குத்திய கணத்தில் செய்ய வேண்டியவற்றைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. பதறாதே. விரலை வாயில் வைக்காதே, அது அனிச்சையாக நடக்கும். பிழிந்து ரத்தம் எடுக்காதே. ஸ்பிரிட்டும் பிளீச்சும் ஊற்றித் தேய்க்காதே. சோப்பும் ஓடும் நீரும் போதும். கண்ணில் பட்டால் நீரால் அலசு.

அடுத்தது கடிகாரம். முதல் வேளை மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போவது சிறப்பு, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மருந்து, 28 நாள். ஒற்றை மருந்தாக ஜிடோவுடின் மட்டுமே இருந்த காலத்திலேயே, ஊசிக்குத்துப் பட்டவர்களில் அதை எடுத்துக்கொண்டோருக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 81 விழுக்காடு குறைந்ததாக 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்பு இல்லாதவருக்கு இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் கூடவே கொடுக்க வேண்டும்.

‘வழங்க வேண்டும்’ என்ற வினைக்கு இங்கேதான் சோதனை. இரவு ஒரு மணிக்குக் குத்திய ஊசிக்கு, ‘காலையில் ஏ.ஆர்.டி. மையம் திறந்ததும் போய் வாங்கிக்கோங்க’ என்பது வழங்குதல் ஆகாது. முதல் வேளை மருந்து அவசரப் பிரிவு அலமாரியில், பூட்டில்லாமலோ சாவி யாரிடம் என்று எல்லோருக்கும் தெரிந்தோ இருந்தால்தான் சொல்லுக்குப் பொருள் உண்டு. நோயாளியின் சோதனை முடிவுக்காகவும் காத்திருக்கக் கூடாது. தொடங்கிவிட்டு, தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

‘தெரிவிக்கவும் கற்பிக்கவும்’

(அ), (இ) இரண்டிலும் ‘ஆட்படக்கூடிய பணியாளர்’ என்று ஓர் அளவு இருந்தது. (2)இல் அந்த அளவு நீங்கி ‘பணியாளர் அனைவருக்கும்’ என்று விரிந்துவிட்டது. கணக்கரும் காவலாளியும்கூட இதில் அடக்கம். பொருள் என்ன? ஊசிக்குத்துப் பட்ட பலர் அதைச் சொல்வதில்லை. இளைய மருத்துவருக்குப் பயம்: திறமையில்லை என்பார்களோ. மூத்தவருக்குக் கூச்சம். துப்புரவுப் பணியாளருக்கு வேலை போய்விடுமோ என்ற கவலை. அன்றே ரத்தம் கொடுத்துப் பதிவு செய்யாவிட்டால், பின்னால் தொற்று வந்தாலும் அது வேலையில் வந்தது என்று நிறுவ வழியில்லை. ஒரு கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் கூச்சமில்லாமல் பேசக்கூடிய விஷயமாகும். இந்தப் பிரிவு அதற்கு அடி போடுகிறது.

சொல்லாத சொல்

மூலத்தை இன்னொரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள். நிறுவனம் இருக்கிறது, பணியாளர் இருக்கிறார், கையுறை, பயிற்சி, மருந்து எல்லாம் இருக்கின்றன. ‘நோயாளி’ என்ற சொல் மட்டும் இல்லை. எச்.ஐ.வி.யிலிருந்து பணியாளரைக் காக்க எழுதிய பிரிவில், அந்த வைரஸ் யாரிடமிருந்து வரக்கூடுமோ அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவரைச் சோதி என்று இல்லை, தனியே வை என்று இல்லை, யார் என்று விசாரி என்றும் இல்லை.

மறதியால் விட்டுப்போனதாக இதைக் கொள்ள முடியாது. பாதுகாப்பு முழுவதையும் பணியாளரின் கையிலும் நிறுவனத்தின் அலமாரியிலும் வைத்துவிட்டால், நோயாளியின் ரத்தத்தைப் பற்றிக் கேட்கத் தேவையே எழாது. அவசரச் சிகிச்சையைத் தட்டிக்கழிக்க எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை என்று பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டமும், சாலையில் அடிபட்டவர் எந்த ஊர், என்ன வருமானம் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. இவை அடிபட்டவர் பக்கம் நின்று பேசுகின்றன. 19ஆம் பிரிவு அவரைத் தொடுகிறவர் பக்கம் நிற்கிறது. அதுவும் ‘யார் நீ’ என்று கேட்காமலே தன் வேலையை முடித்துவிடுகிறது.

நம் சர்ஜன் கை கழுவி முடித்துவிட்டார். இளைஞனின் பெயர் இன்னும் தெரியவில்லை. இரண்டாவது கையுறையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். நேற்று பகலில், எல்லா ரிப்போர்ட்டும் கையில் இருந்த ஒரு அம்மாளுக்குப் பித்தப்பை எடுத்தபோதும் இதே இரண்டைத்தான் போட்டிருந்தார். ‘பொது’ என்பதற்கு இதுவே பொருள் என்று கொள்க.